பூனையின் கடைவாய்ப் பல்

எங்கள் பூனை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. தட்டைக் கண்டதும் ஓடி வரும். ஒரு வாய் கடித்ததும் சீறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். மீன் கொடுத்துப் பழக்கியதால் வந்த செருக்கு என்று நினைத்தேன்.

மகள் மீன் டின்னை எடுத்தாள்.

"வை அதை. பசிச்சால் தானா தின்னும்," என்றேன்.

"அப்பா, ஷீ இஸ் ஹங்ரி," என்று அழுதாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் என்னைக் கேட்காமலே பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு காரில் ஏறி இருந்தாள். வேறு வழியில்லாமல் பக்கத்து ஊரான டூங்கபியில் உள்ள மிருக வைத்தியரிடம் போனேன். அவர் தமிழ்நாட்டுப் பெண். பூனையின் உதட்டை மெல்லத் தூக்கிக் காட்டினார். கடைவாய்ப் பல்லில், ஈறோடு ஒட்டி, சிவப்பாக ஓர் ஓட்டை.

"கடிக்கிறப்பெல்லாம் இதுலதான் படும், அங்கிள். பாவம், எத்தனை நாளா சாப்பிடல?"

"மூண்டு நாள்."

"பூனை பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுடும். உடனே கொண்டு வந்திருக்கலாமே?"

"கொழுப்பெண்டு நினைச்சனான்."

மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரத்தம் சோதித்தார்கள். ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேலைன் ஏற்றி, மறுநாள் மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்கினார்கள். வீட்டுக்கு வந்த பூனை மசித்த சாப்பாட்டைத் தட்டு காயும்வரை நக்கியது. நான் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பசி இல்லாதது தட்டுக்கு ஓடி வராது. அதை மூன்று நாளும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"பிழை என்னிலதான், பிள்ளை," என்றேன் மகளிடம். அவளிடம் அப்படி நான் சொன்னது அதுதான் முதல் தடவை.