அருவிக்குப் பின்னால் கேட்ட பொலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள்தான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அருள் வந்து ஆடியபோது எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்க, நான் மட்டும் சிரித்துவிட்டு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது ஹட்டனில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ் தைக்க வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால், பயத்தில் அப்படித் தோன்றியிருக்கும் என்று சிரிக்கிறார்கள். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். பரவாயில்லை, முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் சிவராஜ் தபால்காரர். பைக் போகாத தோட்டங்களுக்கெல்லாம் நடந்தே ஏறி இறங்குகிறவர். அப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்க வேண்டுமா இல்லையா? மாட்டார். அவர் கடிதம் கொண்டுபோகிற பாதையில் ஒரு திருப்பத்தில் நின்று பார்த்தால், எதிர்மலையில் ஒரு அருவி தெரியும். மழை குறைந்த மாதங்களில் தண்ணீர் மெலிந்து, பின்னால் கறுப்பாக ஒரு பொந்து தெரியுமாம். அது குகைதான், ஒரு நாள் உள்ளே போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று எட்டு வருஷமாக என் உயிரை வாங்கினார். போன வருஷம் மாசி மாதம் போனால் போகிறது என்று தலையாட்டினேன். மகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு விடியற்காலை பஸ்ஸில் புறப்பட்டோம்.

அட்டை கடிக்காமலிருக்கக் காலெல்லாம் சவர்க்காரம் பூசிக்கொண்டு, ஒரு கயிறு, காற்றடித்த லொறி டியூப், ரொட்டி, தொட்டுக்கொள்ளக் கட்டைச்சம்பல், இவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. பாதை கொஞ்ச தூரத்தில் முடிந்துவிட்டது, அதற்கப்புறம் ஆறுதான் பாதை. சில இடத்தில் முழங்கால் தண்ணீர், சில இடத்தில் நெஞ்சுவரை. நடக்க முடியாத மடுக்களில் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டாக நகர்ந்தோம். எனக்கு நீச்சல் தெரியாது, டியூபைக் கட்டிக்கொண்டு மிதந்தேன், அவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். வழி நெடுக அவரைத் திட்டினேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கல்யாணமான பிறகு அவ்வளவு சிரித்த நாள் வேறு கிடையாது.

அருவிக்குப் பின்னால் நிஜமாகவே குகை இருந்தது. எங்கள் கடையைப் போல இரண்டு மடங்கு பெரிது, தரை காய்ந்துகூட இருந்தது. அவர் ஸ்கூல் டிரிப் வந்த பிள்ளை போலச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தோம். அந்த நேரத்தில்தான் அருவியின் சத்தம் மாறியது. வெளியே பார்த்தால் பனிமூட்டம், தண்ணீர் சேற்று நிறத்தில் வந்துகொண்டிருந்தது. மேலே எங்கேயோ மழை கொட்டியிருக்கிறது. கயிற்றை எடுக்க ஓடியவர் பாசியில் வழுக்கி, இரண்டு பாறைக்கு நடுவில் காலை விட்டு விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

முழங்காலுக்குக் கீழே கால் திரும்பி நின்றது, இரத்தம் நிற்கவில்லை. என் சால்வையைச் சுற்றிப் பார்த்தேன், அது நனைந்து சிவந்ததுதான் மிச்சம். அவரை இழுத்து ஒரு தட்டைக் கல்லில் படுக்க வைத்தேன். போனில் சிக்னல் இல்லை. வந்த வழியை ஆறு மூடிவிட்டது, தண்ணீர் குகைக்குள்ளும் வர ஆரம்பித்தது.

"நீ எப்படியாவது போயிரு கலா," என்றார். "பிள்ளைக்கு ஒருத்தராவது வேணும்."

"பேசாம படுங்க," என்றேன். சால்வையை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

அப்போதுதான் கேட்டது. நம்பினால் நம்புங்கள், குகையின் பின்பக்கத்திலிருந்து, பல பெண்களின் குரல். "பொலி... பொலி... பொலியோ பொலி..."

எங்கள் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள், முதல் கைப்பிடியைக் கூடையில் போடும்போது இப்படிச் சொல்லித்தான் போடுவார்கள். கூடை நிறைய வேண்டும் என்று சொல்கிற வார்த்தை. ஒருத்தி சொன்னால் பக்கத்து வரிசையில் நிற்கிற நிரைக்காரி திருப்பிச் சொல்ல வேண்டும். நான் கொழுந்துக்காரி பெற்ற மகள், என் வாய் என்னைக் கேட்காமலே "பொலி" என்று கத்திவிட்டது. உடனே குரல் இன்னும் கிட்டத்தில் கேட்டது. அந்த நேரம் எனக்குப் பயமே இல்லை, மேலே ஆள் இருக்கிறது, பிழைத்தோம் என்ற சந்தோஷம்தான். போன் வெளிச்சத்தில் தேடினால் பின்சுவரில் ஒரு வெடிப்பு, அதற்குள்ளிருந்து காற்று முகத்தில் அடித்தது. வந்துவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, முழங்கையெல்லாம் தேய ஊர்ந்து போனேன்.

வெளியே வந்தால் தேயிலை. ஆனால் கவ்வாத்து வெட்டாமல் மரமாக வளர்ந்து நிற்கிற தேயிலை. அதைப் பற்றி யோசிக்க எனக்கு எங்கே நேரம்? பனிமூட்டத்துக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை இறங்கியது, குரல்கள் அதன் வழியே போய்க்கொண்டிருந்தன. நான் ஒரு வளைவைத் தாண்டினால் அவர்கள் அடுத்த வளைவில். "அக்கா, கொஞ்சம் நில்லுங்க" என்று எவ்வளவு கத்தியும் யாரும் நிற்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறி, "காது செவிடா ஒங்களுக்கெல்லாம்" என்று திட்டிக்கொண்டே ஓடினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அரை மணி நேரத்தில் ஒரு லயத்து வாசலில் போய் விழுந்தேன். உள்ளே டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேக்டரியில் வேலை செய்கிற ராமராஜ் என்கிற அண்ணன்தான் முதலில் ஓடி வந்தார். ஐந்து நிமிஷத்தில் நான்கு பேர் கயிறு, கம்பளி, தூக்கிக்கொண்டு வர இரண்டு மூங்கில் எல்லாம் எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு நான் என்ன கைமாறு செய்யப் போகிறேனோ தெரியாது. ஏறும்போது, மேலே கொழுந்து பறிக்கிற பொம்பளைகள் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை என்று ராமராஜ் அண்ணனிடம் குறை சொன்னேன்.

அண்ணன் மூங்கிலைத் தோள் மாற்றிக்கொண்டார். "தங்கச்சி, இன்னைக்கி ஞாயித்துக்கெழம," என்றார். "பெரட்டே இல்லீங்களே. அந்த மேக்கணக்கு காடாப் போயி எத்தனையோ வருஷமாச்சு. அங்கன இருந்த சனமெல்லாம் இந்தியாவுக்குப் போயிருச்சு."

மேக்கணக்கு என்றால் தோட்டத்தின் மேல்பக்கத்துப் பிரிவு, பெரட்டு என்றால் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. ஞாயிற்றுக்கிழமை அது கிடையாது என்பதும், பொலி சொல்வது காலையில் மட்டும்தான் என்பதும் லயத்தில் வளர்ந்த எனக்குத் தெரியாதா? குரலுக்குப் பின்னால் ஓடியபோது ஒன்றுமே உறைக்கவில்லை. அண்ணன் சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை, என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால் போதும் என்று ஓடினேன்.

வெடிப்பு வழியாக இறங்கி டார்ச் அடித்தால், நான் அவரைப் படுக்க வைத்த தட்டைக் கல்லைக் காணோம். அது முழுக்கத் தண்ணீருக்குள். அப்போது மேலேயிருந்து, "இங்கதான் இருக்கேன்" என்று அவர் குரல். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பாறைத் திட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் நேராகக் கட்டப்பட்டிருந்தது, இரத்தம் நின்றிருந்தது.

கட்டியிருந்தது சாக்குப் படங்கு. கொழுந்துக்காரிகள் இடுப்பில் சுற்றிக்கொள்வார்களே, அது. இப்போது எல்லோரும் பிளாஸ்டிக் ஷீட்தான் கட்டுகிறார்கள். காலுக்கு அணையாக வைத்திருந்தது ஒரு மட்டக்கம்பு, செடியின் மட்டம் பார்க்க மேலே போட்டுக்கொள்கிற மெல்லிய நீளக் கம்பு. யார் கட்டியது என்று கேட்டேன்.

"நீ அனுப்புன அம்மாதான்," என்றார்.

நான் யாரையும் அனுப்பவில்லை என்று சொல்லவில்லை. ராமராஜ் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆட்களோடு சேர்ந்து அவரைக் கம்பளியில் சுற்றி வெடிப்பு வழியாக வெளியே இழுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துவிட்டு, கூட வந்தவர்களில் முதலுதவி படித்தவர்கள் யாராவது இருந்தார்களா என்று சிங்களத்தில் கேட்டார். இப்படிக் கட்டியிருக்காவிட்டால் காலே போயிருக்குமாம். நான் "ஓவ்" என்று தலையாட்டி வைத்தேன்.

அவர் இப்போது நன்றாக நடக்கிறார். குளிர் கூடினால் கொஞ்சம் விந்தி நடப்பார், மற்றபடி பழைய தபால் பையோடு பழைய மலைதான். வலியில் அவரே தவழ்ந்து ஏறியிருக்கலாம், பழைய சாக்கும் கம்பும் குகையிலேயே கிடந்திருக்கலாம், காற்றுச் சத்தம் எனக்குப் பொலியாகக் கேட்டிருக்கலாம். இதையெல்லாம் உங்களுக்கு முன்னால் நானே சொல்லிப் பார்த்தாகிவிட்டது. வார்டில் இருந்தபோது அவர் சொன்ன ஒன்றுக்குத்தான் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அந்த அம்மா காலைக் கட்டி, தோள் கொடுத்து மேலே ஏற்றிவிட்டு, அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு மெதுவாகக் கேட்டாராம்.

"தம்பி, எங்க மேக்கணக்கு லயத்துக்குக் கடுதாசி ஏதும் வந்திருக்குங்களா? வேலாயின்னு பேரு. மகன் இந்தியாவுல இருந்து போட்டிருப்பான்."

"இன்னும் வரலீங்கம்மா, வந்தா நானே கொண்டாந்து தர்றேன்" என்று இவர் சொன்னாராம். சரிங்க என்று எழுந்து போய்விட்டாராம்.

அன்றைக்கு இவர் போட்டிருந்தது என் தம்பியின் பழைய காற்சட்டையும் ஒரு டீசர்ட்டும். காக்கி இல்லை, பை இல்லை, இவர் தபால்காரர் என்று நானோ இவரோ வாய் திறக்கவில்லை.

தினமும் காலையில் தபால் கட்டைப் பிரித்ததும் இவர் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான். இன்னும் வரவில்லை. வந்தால் தனியாகப் போகக் கூடாது, நானும் வருவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.