வெள்ளிக்கிழமைச் சிப்பி

மீன் உணவகத்தில் வேலை செய்கிறவருக்கு மீன் மணம் ஒரு மாதத்தில் தெரியாமல் போய்விடும். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவருக்குத்தான் தெரிந்துகொண்டே இருக்கும். அடுப்படியில் நின்று கால் வீங்கினவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸும் சப்வேயும் பிடித்துப் போய், ரொறன்ரோ நகரத்துக்குள் ஒரு பிரெஞ்சு மீன் உணவகத்தில் நாலு வருஷம் கோப்பை கழுவினவள் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு அதுவே பெரிய வேலை.

முதலாளி பிரான்சில் ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரர். அங்கே எப்படியோ இங்கேயும் அப்படியே: பாணுக்கு உப்பு வெண்ணெய், மீன் தலையோடு, சிப்பி பச்சையாக. மிளகாய்த்தூள் கடை வாசலைத் தாண்டக் கூடாது.

கழுவத் தேவையில்லாத இடுக்கி

எங்கள் ஆட்கள் சாப்பிட வந்திருக்கிறார்களா என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை. நண்டு உடைக்க ஆளுக்கொரு இடுக்கி வைப்பார்கள். அது ஒரு கறையும் படாமல் என்னிடம் திரும்பி வந்தால் எங்கள் ஆட்கள்தான். பல் இருக்கும்போது இடுக்கி என்னத்துக்கு?

ஒருநாள் ஸ்ரௌவ்வில்லிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கலியாணமாகி இருபத்தைந்து வருஷமாம். இருப்பதிலேயே பெரிய தட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். ஐஸைக் குவித்து, அதன்மேல் நண்டு, இறால், சிப்பி என்று எல்லாம் குளிரக் குளிரப் போனது. கொஞ்ச நேரத்தில் மேசை பார்க்கிற பெண் ஓடி வந்து, உங்கள் பாஷைக்காரர், வந்து என்னவென்று கேள் என்று என்னைக் கூட்டிப் போனாள். தகப்பன் தட்டைத் தள்ளி வைத்திருந்தார். மகள் மேசைக்குக் கீழே போய்விடுவாள் போல, “அப்பா, ப்ளீஸ், இது இப்பிடித்தான் சாப்பிடுறது” என்று கெஞ்சினாள். தாய் மூன்றாவது நண்டுக் காலில் நின்றார், தலை நிமிரவில்லை.

“நண்டும் இறாலும் அவிச்சு ஆறவிட்டது, சிப்பி மட்டும்தான் பச்சை” என்றேன். அவர் தட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அவிச்சதை ஆறவிட்டிட்டியள், மற்றதை அவிக்கவே இல்லை. என்னக்கா, சமையல்காரன் லீவோ?”

கை வெடித்தது

சவர்க்காரத் தண்ணீரில் நாலு வருஷம் நின்றதில் என் விரல்கள் வெடித்துவிட்டன. கோப்பையில் இருக்கிற உப்புப் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். இனித் தண்ணீரில் கை வைத்தால் என்னிடம் வராதே என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து முன்பக்கத்தில் சிப்பி திறக்கிறவர் வேலையை விட்டார். கையுறை போட்டுக்கொண்டு ஐஸ் மேசைக்குப் பின்னால் நிற்கிற வேலை. அது கிடைக்காவிட்டால் எனக்கு வீடுதான்.

போய்க் கேட்டேன். எனக்கும் முதலாளிக்கும் நடுவில் பாஷை மாற்றிச் சொல்ல நேசன். பத்து வருஷம் பாரிசில் இருந்துவிட்டு வந்து இங்கே மீன் வாட்டுகிறவர். முதலாளிக்கு அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு சட்டம் உண்டாம்: சிப்பி திறக்கிற ஆள், பெட்டி வந்த உடனே ஒவ்வொன்றிலும் ஒரு சிப்பி தின்று பார்த்து, நல்லது கெட்டது சொல்ல வேண்டும். பெட்டி வருவது செவ்வாயும் வெள்ளியும். வெள்ளி எனக்குச் சைவம், அன்றைக்கு மீன் மச்சத்தைத் தொடுவேன், வாயில் வைக்கமாட்டேன் என்றேன். நேசன் சொல்ல முதலாளி கத்தியைக் கீழே வைத்தார்: “வெள்ளிக்கிழமையில் மீன் சாப்பிடாத சனமும் உலகத்தில் இருக்கா?”

அவருடைய வெள்ளி

அந்த ஆள் ஏன் அப்படி அதிர்ந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமையில்தான் கடையில் இருக்க இடமிருக்காது என்பது மட்டும் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் கோப்பை மலை.

நேசன் மீனைப் பிரட்டிக்கொண்டே சொன்னார்: “அவையள் கத்தோலிக்கர், அவையளுக்கும் வெள்ளி விரதம்தான் அக்கா. இறைச்சிதான் மச்சமாம், மீன் மரக்கறியாம்!”

செவ்வாய்ப் பரீட்சை

முதலில் செவ்வாய்க்கிழமை பார்ப்போம் என்றார் முதலாளி. தானே ஒன்றைத் திறந்து நீட்டினார். சாம்பல் நிறத்தில், கண் போல என்னைப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தேன். அது தொண்டையில் நின்றுகொண்டு மேலே வருவதா கீழே போவதா என்று யோசித்தது. ஒருவழியாகப் போனதும், “உப்புக் காணாது” என்றேன். அவர் அதே பெட்டியில் இன்னொன்று தின்றுவிட்டு, சரிதான் என்று தலையாட்டினார். வெள்ளிக்கும் ஒரு வழி சொல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்றும் சொன்னார்.

நான் தண்ணீர் தேடி ஓட, நேசன் பின்னால் கத்தினார்: “அடுத்தமுறை சப்பிப் போட்டு விழுங்குங்கோ அக்கா, அது மருந்துக் குளிசை இல்லை!”

தட்டிப் பார்த்தது

கோப்பை அடுக்கி அடுக்கி என் காது பழகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தாலும் சத்தத்தில் பிடித்துவிடுவேன். அந்த வெள்ளி, பெட்டி வந்ததும் இரண்டு சிப்பியை எடுத்து ஒன்றோடொன்று தட்டினேன். கல்லோடு கல் தட்டின சத்தம். இன்னொன்று எடுத்தேன், அதுவும் கல். பிறகு ஒன்று, வெறும் சிரட்டை மாதிரிக் கேட்டது. அப்படிக் கேட்டதை எல்லாம் ஒதுக்கினேன். பெட்டி முடியும்போது ஐந்து சேர்ந்திருந்தன.

முதலாளி ஒவ்வொன்றாகத் திறந்தார். முதல் மூன்றும் தண்ணீர் வற்றிக் காய்ந்து கிடந்தன. நாலாவது மணத்தது. ஐந்தாவது கொழுத்து, நல்லாகவே இருந்தது. அவர் அந்த ஐந்தாவதைத் தின்றார். நான் நல்லது என்று விட்டதிலிருந்து ஆறு எடுத்து, அதையும் ஒவ்வொன்றாகத் தின்றார்; ஒன்றும் கெட்டதாக இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு நேசனிடம் ஏதோ சொன்னார். நேசன் சிரித்துக்கொண்டு அப்படியே தமிழில் தந்தார்: “வெள்ளியில அவ கேட்கட்டும், தின்னுற பாவத்தை நான் பாக்கிறன் எண்டு சொல்லு.”

விரதத்தையும் விடாமல் மச்சக்கடையில் வேலை உயர்வும் வாங்கின ஆள் இந்த நகரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.