பச்சை உடம்புக்காரி

அப்பா, அம்மாவைக் கட்டிக்கொண்டபோது கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த அவருடைய தம்பி குடும்பம் மாரியம்மனைக் கும்பிட்டது. நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தீபாவளிக்கு அம்மா அங்கே போய் முறுக்குப் பிழிவார். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, சித்தி இங்கே வருவார்.

வெறுங்கையோடு வரமாட்டார். நாங்கள் காலைப் பூசை முடிந்து வந்து குடிலில் பாலனை வைத்ததும், சுக்கும் மிளகும் திப்பிலியும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிய கசாயத்தை ஒரு சின்ன டம்ளரில் கொண்டுவந்து மாதா சொரூபத்தின் முன்னால் வைப்பார்.

"பச்சை உடம்புக்காரி. மாட்டுக் கொட்டகையில பெத்திருக்கா. யாரு அவளுக்கு மருந்து காய்ச்சிக் குடுத்திருப்பா?" என்பார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா அதை எடுத்துக் குடிப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

கொழும்பில் வேலை கிடைத்து, அங்கே ஒரு ஜெபக் குழுவில் சேர்ந்த பிறகுதான் அது எனக்கு உறுத்தத் தொடங்கியது. வீட்டு வழக்கங்களில் எது வேதத்தில் இருக்கிறது, எது இல்லை என்று தேடும் கண் எனக்கு வந்திருந்தது. அந்த வருடம் குழுத் தோழி ஒருத்தியும் அவளுடைய தாயாரும் நத்தாருக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். லயத்துக் கூரையையும் பொதுக் குழாயையும் அவர்கள் பார்ப்பதே எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்போதுதான் சித்தி டம்ளரோடு வந்து குடிலருகே குனிந்தார்.

"சித்தி, அதை அங்க வைக்காதீங்க. இது படையல் போடுற இடமில்ல. எங்க வேதத்துல இதெல்லாம் கெடையாது."

சித்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "படையல் இல்லம்மா. புள்ள பெத்தவளுக்குத்தான்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, சேலைத் தலைப்பால் டம்ளரை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா கேக் வெட்டுவதை நிறுத்தினார்.

தோழியின் தாயார்தான் கேட்டார். "நல்ல சுக்கு வாசமா இருந்துச்சே, ஏன் திருப்பி அனுப்பினீங்க? எனக்கு நேத்திலேர்ந்து தொண்டை கட்டிக் கெடக்கு."

யாருக்குப் பயந்து பேசினேனோ, அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

சாயங்காலம் கேக் தட்டோடு சித்தி வீட்டுக்குப் போனேன். எப்போதும்போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "வந்தவங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் குளிரைப் பற்றி ஏதோ பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அடுத்த நத்தாருக்குச் சித்தி புதுச் சேலை கட்டி வந்தார். கையில் ஒன்றும் இல்லை. குடிலைத் தள்ளி நின்றே பார்த்தார்.

"கசாயம் கொண்டு வரலையா சித்தி?"

"மறந்துட்டேன்மா."

"போன வருசம் நான் பேசினது தப்பு" என்றேன். ஒரு வருடம் தொண்டையில் கிடந்த வார்த்தை, சொன்னதும் ரொம்பச் சின்னதாகக் கேட்டது.

"அதெல்லாம் விடும்மா. ஒங்க சாமிக்கு எது ஆகும், ஆகாதுன்னு ஒங்களுக்குத்தானே தெரியும்."

அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே அப்படி நம்பிச் சொன்னார். அதுவரை அவருக்கு மாதா 'நம்ம மாதா'தான். 'ஒங்க சாமி' என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.