கன்னையன் வீட்டுத் துட்டி

கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்து நின்றாலும் கன்னையனுக்குக் கை நடுங்காது. ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களைப் போடியிலிருந்து மலைக்கு ஜீப்பில் ஏற்றிப்போய் இறக்குவதுதான் முப்பது வருடமாக அவருக்குப் பிழைப்பு. வாயைத் திறந்தால் பெரிய முரடர். "முயலெல்லாம் கொழம்புக்குத்தான்யா" என்று ஸ்டாண்டில் சவடால் அடிப்பார். அப்படிப்பட்டவர் செவ்வாய்க்கிழமை விடிகாலையில் ஒரு முயலின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

மகள் அனுப்பிரியா கல்யாணமாகித் தேவாரம் போனபோது விட்டுப்போன முயல்கள் மூன்று. அவள் வைத்த பெயரெல்லாம் இவர் வாயில் நுழையவில்லை. கிளச்சு, பிரேக்கு, கியரு என்று மாற்றிவிட்டார். மனைவி ரோஜா இறந்து ஆறு வருடமாகிவிட்ட வீட்டில் அவர் பேச்சைக் கேட்க அந்த மூன்றும்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருநாய்கள் கூண்டைக் கவிழ்த்ததில் கிளச்சும் கியரும் போய்ச் சேர்ந்தன. கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்த பிரேக்கு மட்டும் மிச்சம்.

அதற்குப் பிறகு பிரேக்கு எதையும் தின்னவில்லை. திங்கட்கிழமை மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். காயம் ஒன்றும் இல்லை என்றவர், "முயலு வயிறு காஞ்சாத் தாங்காது. நாளைக்குள்ள வாய் வைக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த நாளைதான் இன்று. தட்டில் வேலிமசால் தழை அப்படியே கிடந்தது. துணை இருக்கிற மாதிரித் தெரியட்டும் என்று ஜீப்பின் இடதுபக்கக் கண்ணாடியைக் கழற்றிக் கூண்டுக்குள் சாய்த்து வைத்தார். பிரேக்கு கண்ணாடியை மோந்து பார்த்தது. பின்பக்கம் போய்த் தேடியது. அங்கே யாருமில்லை. திரும்பி வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. கன்னையன் ஒரு தழையை எடுத்து அதன் மூக்கருகே நீட்டிப் பார்த்தார். போயும் போயும் ஒரு முயலுக்காகவா என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

பெண்களை ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் வருவதற்குள் முன்சீட்டிலிருந்த வீரலட்சுமி கண்டுபிடித்துவிட்டாள்.

"எண்ணே, இந்தப் பக்கத்துக் கண்ணாடி எங்க?"

"முயலுக்கு வச்சிருக்கேன்."

பின்னால் சிரிப்பு வெடித்தது. கன்னையன் சிரிக்கவில்லை. நடந்ததை அவர் சொல்லச் சொல்ல வண்டிக்குள் சத்தம் அடங்கியது.

"தெனமும் வைக்கிற மாதிரித்தான வச்சீக?" என்றாள் வீரலட்சுமி.

"அதே தழ, அதே தட்டு. வச்சுட்டு, 'போயிட்டு வர்றேன், சண்ட போடாமத் தின்னுங்க'ம்பேன். மூணும் ஓடியாந்து விழும்."

"இன்னிக்கும் சொன்னீகளா?"

கன்னையன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கிறுக்கா ஒனக்கு? ரெண்டு உசுரு போயிருக்கு. துட்டி வீட்டுல போயிட்டு வர்றேன்னு எவனாச்சும் சொல்லுவானா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. சாவு விழுந்த வீட்டில் துட்டி கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் 'வர்றேன்' என்று சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு வரவேண்டியிருக்கும் என்று பேசாமல் எழுந்து போவார்கள். அந்த முறையைத்தான் கன்னையன் நேற்றும் இன்றும் முயல் கூண்டுக்கு முன்னால் கடைப்பிடித்திருந்தார்.

"அடப் பாவி மனுசா! அது அந்தச் சொல்லுக்குத்தான் காத்துக் கெடக்கோ என்னமோ. வண்டியத் திருப்புங்க, வெரசா."

"ஒங்க சோலி கெட்டுப் போகுமே?"

"கங்காணிய நாங்க பாத்துக்கிறோம்."

வண்டி வீட்டுக்குத் திரும்பியதும் எட்டுப் பெண்களும் இறங்கி வாசலில் நின்றார்கள். கன்னையன் கூண்டருகே உட்கார்ந்தார். சொன்னால் இதுவும் போய்விடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் எப்படியும் போய்விடும். எது முறை, எது கிறுக்குத்தனம் என்று அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"போயிட்டு... போயிட்டு வர்றேன்டா பிரேக்கு. சண்ட போடாமத் தின்னு."

சண்டை போட யார் இருக்கிறார்கள் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

பிரேக்கின் ஒரு காது நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு தத்தித் தத்தி வந்து ஒரு தழையை இழுத்துக் கொறித்தது.

அந்தச் சொல்லாலா, இத்தனை பேர் வந்து நின்றதாலா, பசி தாங்காமலா என்று கன்னையனுக்கு இன்றைக்கும் குழப்பம்தான். வீரலட்சுமிக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. கூண்டருகே குனிந்து, "போயிட்டு வர்றோம்டா" என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்து அதையே சொல்லிவிட்டு ஜீப்புக்கு நடந்தார்கள்.

கன்னையன் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றார். ரோஜாவை எடுத்த அன்று இதே வாசலிலிருந்து ஊரே வாய் திறக்காமல் எழுந்து போனது. முறைதான், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அவரும் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை.