கோச் மூசாவுக்கு, பிந்திய ஒரு பதில்

கோச் மூசா இல்லை.

நேற்று வேலை முடிந்து டி-பான் ரயிலில் வரும்போது பழைய டீம் குரூப்பில் செய்தி வந்தது. மாரடைப்பாம்... ஸ்டோவ்னரில் இறங்க மறந்து கடைசி நிலையம் வரை போய்விட்டேன்.

தெரியாதவர்களுக்கு: அவர் காம்பியாவில் பிறந்தவர். எங்கள் கால்பந்து கிளப்புக்கு விளையாடிய முதல் கறுப்பின வீரர். பிறகு அதன் முதல் கறுப்பினப் பயிற்சியாளர்.

கிளப் சுவரில் தொங்கும் பழைய டீம் போட்டோவைக் காட்டி, "இதில நான் எங்க எண்டு கண்டுபிடியுங்கோ பார்ப்பம்" என்று நோர்வேஜிய மொழியில் கேட்பார். வெள்ளை முகங்களுக்கு நடுவே அவர் ஒருவர். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

பதினான்கு வயதில் எனக்குக் குரலே வராது. பந்துக்கு ஓடும்போது "மின்!" என்று கத்த வேண்டும். நோர்வேஜிய மொழியில் 'என்னுடையது'. நான் வாயைத் திறக்காமல் ஓடிப்போய் என் டீம் பிள்ளைகளோடே மோதுவேன்.

"உங்கட வீட்டில இதுக்கு என்ன சொல்லுவீங்கள்?" என்று கேட்டார்.

"என்ர."

"அப்ப அதையே கத்து."

ஒரு மாதத்தில் முழு டீமும் "என்ர! என்ர!" என்று கத்தியது. எதிர் டீமுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிறகு அந்த மேட்ச்...

கோட்டுக்கு வெளியே நின்ற ஒரு ஆள், யாரோ ஒரு பிள்ளையின் அப்பா, கோச்சைப் பார்த்துக் குரங்கு மாதிரிச் சத்தம் போட்டார். நான் பந்தை எறிவதற்காக அந்த ஆளுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

நடுவர் என்னிடம் வந்தார். "உனக்கு ஏதும் கேட்டதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோச் சொன்னார்: "நான் விளையாடேக்க முழு ஸ்டேடியமும் கத்தும். இப்ப ஒரு ஆள்தானே... முன்னேற்றம்." எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா, "நல்லது பிள்ளை. எங்களுக்கேன் அந்தச் சோலி? நாங்களே வந்து குடியேறின சனம்" என்றார். அப்பாவைக் குறை சொல்லவில்லை. தலையாட்டியது நான்தான்.

சாட்சி இல்லை என்று கோச் கொடுத்த முறைப்பாட்டை மூடிவிட்டார்கள். கோச் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த மேட்சிலும் எனக்கு அதே இடம்தான் தந்தார்.

போன கோடையில் நான் பட்டம் பெற்ற போட்டோவை அவருக்கு அனுப்பினேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம். கீழே அந்த மேட்சைப் பற்றி இரண்டு வரி எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு சொல் பதிலாக வந்தது.

"என்ர!"

எனக்குக் கேட்டது, கோச். நல்லாகவே கேட்டது.

போய் வாருங்கள்.