தற்காலிகக் குப்பை

அண்ணாமலை நகர் தாண்டி எங்க வீடு. வீட்டுக்குப் பின்னால காலி எடம், அதுல ஊர்க்குப்பை. மொத லாரி வந்து கொட்டினப்ப எம்மவ பத்தாவது படிச்சிக்கிட்டு இருந்தா. "தற்காலிகந்தாம்மா"ன்னாரு டிரைவர். நானும் மண்டைய ஆட்டுனேன். இப்ப அவ நெறமாசம். குப்பை எங்க மாடிய எட்டிடுச்சி.

தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான் ஆவணும். வளைகாப்பு முடிஞ்சதும் செம்மண்டலத்துல சம்மந்தி வீட்டுலேர்ந்து அவள நான் கூட்டியாரணும். அதுக்காகவே ரூமுக்கு வெள்ளையடிச்சேன், ஜன்னலுக்கு வலை போட்டேன். வலை ஈயத் தடுக்கும், பொகைய எது தடுக்கும்? குப்பை தானாவே பத்திக்குதாம்! கேட்டா அப்படித்தான் சொல்றாங்க. போன மாசம் சம்மந்தியம்மா வந்தப்ப காபி டம்ளர முந்தானையால மூடி மூடிக் குடிச்சாங்க.

பொறுக்க முடியாம பேரூராட்சி ஆபீசுக்குப் போயி அதிகாரியக் கேட்டேன். "வீடுங்களுக்குப் பக்கத்துல குப்பைக் கெடங்கு இருக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்காமே சார்?"

"இருக்கும்மா. ஆனா அது கெடங்குக்கு. உங்க வீட்டாண்ட இருக்கறது கெடங்கே இல்லியே. தற்காலிகச் சேகரிப்பு எடம்."

"சரி, எப்ப எடுப்பீங்க?"

"நிரந்தர எடம் கெடச்சதும்."

"அது எப்ப கெடைக்கும்?"

"பாத்துக்கிட்டு இருக்கோம்மா."

கேக்கறவ கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்களாம். "ஒரு நாளு எங்க வீட்டுல வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க சார்"னுட்டு எழுந்து வந்துட்டேன். அவரு எங்க வரப்போறாரு!

வளைகாப்பு நல்லாத்தான் நடந்துச்சி. கலவை சாதம் அத்தனையும் காலி. கெளம்பற நேரம், எம்மவ பையோட வாசல்ல நிக்கறா. சம்மந்தியம்மா எங் கையப் புடிச்சிக்கிட்டாங்க.

"கோச்சிக்காதீங்க சம்மந்தி. அந்தப் பொகையில பச்சப்புள்ள எப்படி இருக்கும்? பிரசவம் இங்கயே ஆவட்டும். தற்காலிகமாத்தான். குப்பைய எடுத்ததும் வந்து கூட்டிக்கிட்டுப் போங்க."

நல்ல மனசோடதான் சொன்னாங்க. அதான் ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சி. எம்மவ என் மூஞ்சியக்கூடப் பாக்காம பைய உள்ள கொண்டுபோய் வச்சிட்டா.

அவ சாஞ்சிக்கட்டும்னு வாடகைக் கார் பின்சீட்டுல ரெண்டு தலகாணி போட்டுக் கொண்டாந்திருந்தேன். தலகாணி பின்னால வந்துச்சி. நான் முன்சீட்டுல உக்காந்து வீடு வர்ற வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தேன்.