வடிகட்டாத இரண்டு டின்

அறுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். திருச்சி பாலக்கரையில் ஒரு நெல் மண்டியில் நான் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. மூட்டைக்குச் சீட்டு எழுதுகிறவர். வீடு ஸ்ரீரங்கத்தில்.

மண்டிக்கு ஒரு டீசல் லாரி இருந்தது. தினமும் சாயங்காலம் காவிரிப் பாலம் தாண்டி, திருவானைக்காவல் வழியாகக் கொள்ளிடத்துக்கு அக்கரை போய், ராத்திரி லால்குடியில் தங்கி, காலையில் நெல்லோடு திரும்பும். போகிற வழியில் என்னை மாம்பழச் சாலையில் இறக்கிவிடும். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் காவிரிக் காற்றும் டீசல் புகையும் கலந்த ஒரு வாசனை மூக்கில் வந்து நிற்கிறது. பஸ்ஸில் ஏறினால் மனிதர்கள் பேசுவது கேட்கும். அந்த லாரியில் ஏறினால் நம் பற்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது கேட்கும்.

வண்டிக்கு ஒன்பது வயது. பெயின்ட் உதிர்ந்து, இடது பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஆனால் இன்ஜின் மட்டும் ஒரு நாள் லீவு கேட்டதில்லை. புது லாரிகள் பாலத்து ஓரம் மூடியைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டிருக்கும். எங்கள் வண்டி அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகும்.

அந்த இன்ஜினின் ஆயுள் ரகசியம் டிரைவரிடம் இருந்தது. பாலக்கரைக்காரர், என்னைவிட ஒரு வயது இளையவர், எல்லோருக்கும் பாய். மண்டியின் பின்பக்கம் டிரம்மில் டீசல் இருக்கும். மல் துணியை நாலாக மடித்துப் புனலில் விரித்து, டின் டின்னாக வடிகட்டித்தான் டாங்கில் ஊற்றுவார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தத் துணியை வேறு யாரும் தொடக் கூடாது. அலசுவது, காயப்போடுவது எல்லாம் அவரே.

"டீசலுக்கு ஃபில்டர் காபி மரியாதையா, பாய்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"காபியில கசடு இருந்தா நீங்க துப்பிடுவீங்க, சார். இன்ஜினால துப்ப முடியாதுங்களே."

நான் படித்தவன். லைப்ரரியில் இன்ஜின்களைப் பற்றிய ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை முக்கால்வாசி படித்திருந்தேன். இன்ஜினிலேயே ஃபில்டர் இருக்கிறது என்று அதில் படம் போட்டுக் காட்டியிருந்தது. அதற்கு மேல் ஒரு மல் துணி எதற்கு? மீதிக் கால்வாசியில் விடை இருந்திருக்கலாம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் நான் போகிற வாசகசாலைக்கு வெள்ளிக்கிழமைதான் வாரப் பத்திரிகை வரும். அங்கே ஒரு ரிடையர்டு மனிதர் எனக்குப் பரம எதிரி. முதலில் போய்ப் பத்திரிகையைக் கைப்பற்றி, இரண்டு பக்கம் படித்து, அதை மார்மேல் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிடுவார். தொடர்கதையின் கதாநாயகியோ போன வாரம் கிணற்றுக் கட்டை மேல் ஒரு காலை வைத்தபடி நின்றிருந்தாள். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

டாங்கில் இன்னும் இரண்டு டின் ஊற்ற வேண்டியிருந்தபோது பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். "தொழுதுட்டு வந்து ஊத்துறேன், சார். நீங்க சும்மா உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் பாய் போனார்.

சும்மா உட்கார்ந்திருக்கலாம். நான் துணியை எடுத்து ஓரமாக வைத்தேன். டிரம்மைச் சாய்த்து, அடியில் கிடந்ததை வழித்து, இரண்டு டின்னையும் நேராக டாங்கில் கவிழ்த்தேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. துணியை மறுபடி புனலில் விரித்துவிட்டு நல்ல பிள்ளையாக நின்றேன்.

"ஊத்திட்டேன், பாய்."

"துணி வச்சுத்தானே?"

"பின்னே?"

பாய் சிரித்தார். "உங்களுக்கு வீண் சிரமம், சார்."

லாரி மாம்பழச் சாலையில் இறக்கிவிட்டதும் வாசகசாலைக்கு ஓடினேன். பத்திரிகை எதிரியின் மார்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வர வேண்டிய லாரி, பதினொரு மணிக்கு வேறொரு லாரியின் பின்னால் கயிற்றில் கட்டுண்டு வந்தது. கொள்ளிடம் பாலத்தில் ஒரு தடவை நின்றிருக்கிறது. பாய் சுத்தம் செய்து கிளப்பினால் திருவானைக்காவலில் நின்றிருக்கிறது. கடைசியாகக் காவிரிப் பாலத்தில், இரண்டு பக்கமும் பஸ்கள் ஹாரன் அடிக்க, ஒரேயடியாக நின்றுவிட்டது.

பாய் ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி முதலாளியிடம் காட்டினார். மஞ்சள் தண்ணீர், அடியில் பாசி மாதிரி கசடு.

"என்ன பாய், வடிகட்டலையா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் நெல் மூட்டைகளைப் பார்த்தேன்.

"வடிகட்டினதுதாங்க. கடைசி ரெண்டு டின் சாரே தன் கையால ஊத்தினாரு. துணியிலதான் ஓட்டை இருந்திருக்கணும். நான் பார்க்காம விட்டுட்டேன்."

"ஒன்பது வருஷம் ஓடியாச்சு, இனிமே இதைக் கட்டி இழுக்க முடியாது. முசிறிக்காரருக்குச் சொல்லி அனுப்புங்க" என்றார் முதலாளி.

முசிறிக்காரர் வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க அந்த இன்ஜினை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். தை மாதம் புது லாரி வருவதாக இருந்தது. அதை ஓட்ட முதலாளியின் மச்சான் ஏற்கெனவே ஆள் சொல்லி வைத்திருந்தார். பழைய வண்டி போனால் பாய்க்கு அங்கே வேலை இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் வேலையும் போய்விடுமே என்ற பயம். படித்தவன் என்ற பெயர் போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிது.

மூன்று நாள் பாய் அந்தத் துணியை விடவில்லை. வெயிலில் தூக்கிப் பிடித்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தி ஓட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. "அலசினதுலதான் தப்பு. மண்ணோட காயப்போட்டுட்டேன் போல" என்றார். அடுத்த நாள், "டிரம் மூடியைச் சரியா மூடலையோ என்னவோ, சார்" என்றார். ஒன்பது வருஷம் செய்த ஒவ்வொரு வேலையிலும் தன் தப்பைத் தேடினார். என் 'பின்னே'யை மட்டும் அவர் ஒரு தடவைகூடத் தூக்கிப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் முசிறிக்காரர் வந்தார். இன்ஜினைச் சுற்றி வந்தவரிடம் பாய் சொன்னார்:

"இன்ஜின் மேல குத்தம் இல்லீங்க, என் மேலதான். நீங்க டீசலை நல்லா வடிகட்டி ஊத்துங்க. துணியை வேற யாராச்சும் பார்த்து அலசட்டும். இன்னும் இருபது வருஷம் உழைக்கும்."

டீசல் குழாயில் காற்று அடைத்தால் இன்ஜின் இருமிவிட்டு நிற்கும். என் தொண்டை அப்படித்தான் இருமியது. "துணி வைக்கலைங்க" என்றேன். "நான் அப்படியே ஊத்திட்டேன்."

முதலாளி மெதுவாகத் திரும்பினார். "என்னய்யா அவ்வளவு அவசரம்?"

வேறு வழியில்லை. வாசகசாலை, எதிரி, கிணறு, கதாநாயகி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் அது எவ்வளவு கேவலமான காரணம் என்று எனக்கே தெரிந்தது. முதலாளி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பொண்ணு கிணத்துல விழுந்தாளா, இல்லையா?"

"தெரியலைங்க. பத்திரிகை கிடைக்கலை."

முசிறிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அப்ப துணியில ஒண்ணும் இல்லையா, சார்?"

"இல்லை, பாய்."

"அலசினதுலயும்?"

"இல்லை, பாய். எல்லாம் நான்தான்."

அவர் முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். "மூணு நாளா சோறு இறங்கலை, சார். கை மறந்துபோச்சோன்னு பயந்துட்டேன்." என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு நான் ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி.

முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. டாங்கைக் கழுவச் சொன்னார். அன்று முழுக்கப் பாய் சொல்லச் சொல்லக் கழுவினேன். டாங்க் சுத்தமாயிற்று, என் மனைவிதான் என்னை இரண்டு நாள் கொல்லைப்பக்கமே நிறுத்தி வைத்தாள். குழாயில் இருந்த காற்றை எடுத்துவிட்டுப் பாய் சாவியைத் திருகினார். பழைய குரலில் இன்ஜின் உறுமியது. லால்குடி போய் நிற்காமல் திரும்பி வந்தது. முசிறிக்காரர் வெறுங்கையோடு பஸ் ஏறினார். புது லாரி வந்த பிறகும் பழையது பாயின் கையில் ஓடியது. நான் மண்டியை விட்டு விலகும்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் காலத்து இன்ஜின் மாதிரி வருமா என்று யாராவது இரும்பைப் புகழ்ந்தால் நானும் தலையாட்டுவேன். ஆனால் எனக்கு ஞாபகம் வருவது, ஓட்டையே இல்லாத ஒரு துணியில் மூன்று நாள் ஓட்டையைத் தேடிய அந்த மனிதர்தான். இன்றைக்கும் யாராவது என் வார்த்தையை அப்படியே நம்பும்போது எனக்குப் பெருமை வருவதில்லை. கொஞ்சம் பயம்தான் வருகிறது.